ஆற்றின் பெயர்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில், அண்ணன் தம்பி இருவர் ஆற்றங்கரையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். வழிகாட்டி கிடையாது. கையிலிருந்த மடிப்புத்தாளில் எண் போட்ட இடங்களில் நின்று, தாங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் சாவுக்குத் தம்பி தண்டபாணி ஊர் வந்து சேரவில்லை. அன்றிலிருந்து நான்கு வருடமாக அண்ணன் வீரபத்திரன் அவனிடம் 'நீங்க' என்றுதான் பேசுகிறார். கேட்பவர்களுக்கு அது மரியாதை, தண்டபாணிக்குச் செருப்படி. இரண்டு நாள் தங்க வந்த அண்ணனுக்கு மறுநாள் காலை ரயில்.

"தொப்பியப் போட்டுக்கங்க, தூறுது."

"ஏண்ணே, நான் என்ன உங்களுக்குச் சம்பந்தியா?"

"வெளிநாட்டுல இருக்கவுக. மரியாதை குடுக்கணும்ல."

நான்காம் எண், பழைய கல்பாலம். வெள்ளம் ஏறிய உயரங்களை வருடம் போட்டுத் தூணில் வெட்டியிருந்தார்கள். தண்டபாணி குனிந்து 1814 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"டே."

சட்டென்று திரும்பினான். "என்னண்ணே?"

வீரபத்திரன் தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னைய இல்லடா. இந்த ஆத்துக்குப் பேரு டேயாம்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. தாளை மடித்தார், மறுபடி விரித்தார்.

"அஞ்சாம் நம்பர் எங்க இருக்கு?" என்றார் வீரபத்திரன்.

அதன் பிறகு ரயில் ஏறும்வரை அவர் 'நீங்க' என்றும் சொல்லவில்லை, 'நீ' என்றும் சொல்லவில்லை.