கணுக்காலுக்கு மேல் நான்கு விரல்

கடைசி அக்குபங்சர் ஊசியிலும் மின்கம்பிக் கவ்வியை மாட்டிவிட்டு, மருத்துவர் பெய் யூலான் மின்கருவியின் குமிழில் விரலை வைத்தார்.

கட்டிலில் தாவ் நிங் கண்களை மூடிப் படுத்திருந்தாள். காலையில் மணற்காற்றினூடே ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தகுதிச்சுற்று ஓடியவள். நாளை இறுதிச்சுற்று.

கெண்டைக்கால்கள் இரண்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன. அவை இளகாவிட்டால் மாகாண அணியில் அவளுக்கு இடமில்லை.

வழக்கமாக முழங்காலுக்குக் கீழேதான் ஊசி, மின்சாரமும் அங்கேதான். இன்று பயிற்சியாளர் லூ, பாதி உண்ட நூடுல்ஸ் கிண்ணத்துடன் தாமே அறைக்குள் வந்து நின்றார்.

“முட்டிக்குக் கீழ மட்டும் பத்தாது டாக்டர். உள்கணுக்காலுக்கு மேல நாலு விரல் தள்ளிப் போடுங்க. ரெண்டு கையிலயும் கட்டைவிரல் இடுக்குல ஒண்ணொண்ணு. கரண்ட்ட நல்லா கூட்டி வைங்க, இவ தாங்குவா.”

“கால்ல ஓடுற பொண்ணுக்குக் கையில எதுக்கு கோச்? நாளைக்குத் தலைகீழா ஓடவிடப் போறீங்களா?”

லூ சிரிக்கவில்லை. “புத்தகத்துல படிச்சேன். சீக்கிரம் ஆரம்பிங்க” என்றார்.

ஊசி மருத்துவத்தைக் கொசுக்கடி என்று பத்துப் பேர் முன்னிலையில் பரிகசித்தவர் அவர். அவர் வாயிலிருந்து இடங்கள் இவ்வளவு துல்லியமாக வந்ததில் பெய்க்கு உள்ளூர மகிழ்ச்சியே ஏற்பட்டது. இந்த மனிதரும் படிக்கத் தொடங்கிவிட்டார் என்றெண்ணியவாறே ஊசிகளை ஏற்றினார். கைகளில் வெறும் ஊசி. கால்களில் மட்டும் கம்பி.

லூ கிண்ணத்துடன் திரைக்கு வெளியே போய் அமர்ந்தார்.

குமிழைத் திருகப் போகும்போதுதான், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை என்பது பெய்யின் நினைவுக்கு வந்தது. லூ சொன்ன அவ்விரண்டு இடங்களும் கருவுற்றவளுக்கு விலக்கு. தூண்டினால் கரு தங்காது என்பது இத்தொழிலின் முதற்பாடம். எந்தப் பெண்ணையும் கேட்காமல் அவர் அங்கே ஊசியேற்றியதில்லை. லூவின் அவசரத்தில் அது விடுபட்டுப் போயிருந்தது.

“ஏண்டி நிங், நாள் கீள் ஒண்ணும் தள்ளிப் போகலையே? கேட்டே ஆகணும், அதான்.”

நிங் கண் திறந்தாள். முகம் சிவந்திருந்தது.

“என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க?”

பெய்யின் விரல் குமிழிலேயே நின்றது.

“மூணு மாசம் ஆகாம யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு மாமியார் சொல்லியிருக்காங்க. அதான் நானா வாயத் தொறக்கல” என்று நிங் தணிந்த குரலில் சொன்னாள். “கோச்கிட்ட மட்டும் முந்தாநேத்து சொன்னேன். நாளையோட ஓட்டத்த நிறுத்திக்கிறேன்னு சொல்லணுமில்ல? நீ எதுக்கும் கவலப்படாதேன்னாரு.”

பெய் குமிழிலிருந்து விரலை எடுத்தார். கவ்விகளைக் கழற்றினார். வலக்கணுக்காலின் ஊசியை உருவி, அவ்விடத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

நிங் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏன்க்கா எடுக்குறீங்க? அவரு ஒங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாருன்னுல்ல நெனச்சேன். இந்த ஒடம்புக்குத் தகுந்த மாதிரி ஊசி போடச் சொல்றேன்னாரே.”

திரைக்கு அப்பால், கிண்ணத்தைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது.

“என்ன டாக்டர்,” என்றார் லூ, “இன்னும் கரண்ட் வைக்கலையா?”