சட்டி கவிழ்த்த மாப்பிள்ளை

ஒரு கையில் பூங்கொத்தும் தலையில் கவிழ்த்த அலுமினியச் சட்டியுமாக ஒரு மனிதர் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று பதில் கேட்க வந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

நெவென்காவுக்கு வரவில்லை. மூன்றாம் மாடி பால்கனியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கீழே முற்றத்து மரத்திலிருந்து இரண்டு காக்கைகள் பாய்ந்தன. சட்டியில் 'டங்' என்று ஒரு கொத்து. அடுத்த பாய்ச்சலில் ஒரு பூ பறிபோனது.

"போச்சு," என்றாள் பக்கத்து பால்கனி ரூஜா. "அஞ்சு பூவோட வந்தாரு. இப்ப நாலு. ரெட்டைப்படையில பூ கொண்டு போறது கல்லறைக்குத்தான்."

ரூஜா பல் டாக்டரிடம் வேலை பார்த்தவள். அங்கே வருகிற பத்திரிகைகளை எல்லாம் கரைத்துக் குடித்தவள். பெல்கிரேடில் அவளுக்குத் தெரியாத விஞ்ஞானம் கிடையாது.

"நான் அன்னைக்கே சொன்னேன். காக்கா மனுஷ மூஞ்சிய மறக்காது. அமெரிக்காவுல முகமூடி போட்டுக்கிட்டுக் காக்கா பிடிச்சாங்களாம். அப்புறம் வருஷக்கணக்கா, அந்த முகமூடிய யார் போட்டுட்டு வந்தாலும் கூட்டம் கூடித் திட்டுச்சாம். இந்த முற்றத்துல எத்தனை பேர் நடக்கறோம்? இவர் தலை மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"நல்ல மாதிரியாத்தான் தெரியறாரு, ரூஜா."

"உன் முதல் புருஷனும் நல்ல மாதிரியாத்தான் தெரிஞ்சாரு."

அடி சரியான இடத்தில் பட்டது. முதல் புருஷன் தேன் ஒழுகப் பேசுவார். தெரு நாய் மட்டும் அவரைக் கண்டால் உறுமும். நாய்க்கு என்ன தெரியும் என்று கட்டிக்கொண்டாள். எல்லாம் நாய்க்குத்தான் தெரிந்திருந்தது என்பது கல்யாணத்துக்குப் பிறகு புரிந்தது. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியும், சூடு கண்ட பூனையாகத்தான் இருந்தாள்.

கீழே சட்டியோடு நிற்கும் மிலோராத் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். குளிர்காலம் முழுக்க அவர் வந்து போனபோது காக்கைகள் கண்டுகொள்ளவே இல்லை. இந்த மூன்று வாரமாகத்தான் இந்தக் கூத்து.

"காக்காவ என்ன பண்ணினீங்க?" என்று போன வாரம் நேராகவே கேட்டாள்.

"என் தொப்பி பிடிக்கல போல," என்றார். மறுநாள் தொப்பி இல்லாமல் வந்தார். இன்னும் வசதியாகக் கொத்தின.

"உண்மையச் சொல்லுங்க."

"பாஷா எப்படி இருக்கான்?" என்று பேச்சை மாற்றினார்.

பாஷா அவளுடைய பூனை. அந்தப் பேரைக் கேட்டதும் அவளுக்கு எல்லாமே மறந்துவிடும்.

"அவனுக்கென்ன, சாமி மாதிரி. ஒரு ஈயக்கூட நோகடிக்க மாட்டான். இப்ப ரெண்டு வாரமா வெளிய அடி வைக்கறதே இல்ல. என்னைப் பிரிய மனசில்ல அவனுக்கு."

"அப்படித்தான் இருக்கும்," என்றார் மிலோராத், காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி.

எதையோ மறைக்கிறார் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒளிக்கத் தெரிந்த மனிதரோடு இன்னொரு முறை வாழ அவளுக்குத் தெம்பில்லை.

"பாவம், மூணு மாடி ஏற வேண்டாம். கீழயே வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்," என்றாள் ரூஜாவிடம். துணைக்குப் பாஷாவைத் தூக்கிக்கொண்டாள். கட்டட வாசலைத் தாண்டும்போது அவன் நகத்தை எல்லாம் அவள் சட்டையில் ஊன்றினான்.

"சும்மா இருடா. பயப்பட வேண்டியது நான்," என்று தட்டிக் கொடுத்தாள்.

முற்றத்தில் மிலோராத் கையிலிருந்த நாலு பூவில் ஒன்றை உருவித் தன் சட்டைப் பையில் செருகி, மூன்றாக்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

"மிலோராத், நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன்..."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பூனையைப் பார்த்து வெலவெலத்துப்போனார்.

"ஐயோ, அவனை எதுக்குக் கீழ தூக்கிட்டு வந்தீங்க?"

காக்கைகள் அவரை விட்டுவிட்டன. ஒன்று இரண்டல்ல, மரமே கிளம்பி வந்தது. வந்தது நேராகப் பாஷாவின் மேல். பாஷா அவள் அக்குளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான். மிலோராத் தன் தலையிலிருந்த சட்டியைக் கழற்றிப் பூனை மேல் கவிழ்த்தார். அவருடைய வழுக்கையில் இரண்டு கொத்து விழுந்தது.

மூவரும் வாசல் கூரைக்கு அடியில் ஓடிவந்து நின்றார்கள். நெவென்காவுக்கு மூச்சு வாங்கியது.

"காக்கா மூஞ்சிய மறக்காதுதானே?" என்று மெல்லக் கேட்டாள்.

"மறக்காதுங்க."

"அப்ப இவன் என்ன பண்ணினான்?"

மிலோராத் தலையைக் கைக்குட்டையால் ஒற்றினார். "கூட்டுலேர்ந்து குஞ்சு விழுந்துச்சு. இவன் கவ்விட்டான். நான் இவன் வாயிலேர்ந்து பிடுங்கி மரத்துல வெச்சேன். அது என் கையில இருந்ததையும்தான் அதுங்க பாத்துச்சு. குஞ்சு இப்ப நல்லா இருக்கு. அதோ அந்தக் கிளையில. அதுவும் என்னைத் திட்டக் கத்துக்கிச்சு."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"அவன் ஒரு ஈயக்கூட நோகடிக்க மாட்டான்னு சொன்னீங்க. அப்ப உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்? கொத்து வாங்கறது என் தலைதானே."

மேலேயிருந்து ரூஜாவின் குரல் வந்தது. "நெவென்கா, வேண்டாம்னு சொல்லிட்டியா?"

நெவென்கா அவர் கையிலிருந்த மூன்று பூவையும் வாங்கிக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"ரூஜா, உன்கிட்ட பெரிய சட்டியா ஒண்ணு இருந்தா கீழ கொண்டு வா. எங்க மூணு பேருக்கும் இது பத்தாது."