தமிழ்நிலாவின் முதல் வேலை

பொன்னாடையைப் போர்த்தியதும் தமிழ்நிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சந்தோஷத்துல அழறா சார்" என்றார் பாலிடெக்னிக் முதல்வர் தியாகேசன். மில் முதலாளி பரணிதரன் சிரித்துக்கொண்டே கை தட்டினார்.

குத்தாலத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்த அரிசி ஆலை. பரணிதரன் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து, அப்பாவிடமிருந்து அதைக் கையில் எடுத்ததும் முதலில் தேடிப் போனது பாலிடெக்னிக்கைத்தான். கறுப்பரிசியையும் கல்லையும் கேமரா வைத்துப் பார்த்துத் தள்ளிவிடும் கலர் சார்ட்டர் மெஷின் ஒன்றைக் கல்லூரிப் பட்டறைக்கு வாங்கிக் கொடுத்தார். அதில் பழகிய பிள்ளைகளுக்கு மில்லில் வேலை என்று ஒப்பந்தம் போட்டார்.

அப்படி வேலைக்கு வந்த முதல் ஆள் தமிழ்நிலா. காலையில் மில்லின் புதிய பெரிய மெஷினை அவள்தான் ஓட்டிக் காட்டினாள். ஒரு பக்கம் பழுதில்லாத அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது. பரணிதரன் அதைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்.

அவர் போனில் பேச வெளியே போனபோது தியாகேசன் கேட்டார். "அம்மா வரலையாம்மா?"

"வேலைக்குப் போயிருக்காங்க சார்."

"இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டிருக்கலாமே. ஒத்த மனுஷியா நின்னு படிக்க வெச்சவங்க. நீ மெஷின் ஓட்டுறதப் பாத்திருந்தா எவ்வளவு பூரிச்சுப் போயிருப்பாங்க."

"லீவு போட்டா மறுநாள் வராதேன்னுடுவாங்க சார்" என்றாள் அவள், மெதுவாக.

பரணிதரன் திரும்பி வந்து உட்கார்ந்தார். "தமிழ்நிலா, உனக்கு முதல் வேலை ஒண்ணு வெச்சிருக்கேன். பின்னாடி கொட்டகையில பொம்பளைங்க அரிசி பொறுக்கிட்டு இருக்காங்கல்ல. நாளையிலேர்ந்து வர வேணாம்னு நீயே போய்ச் சொல்லிடு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "அவங்கள பேக்கிங்குக்கு மாத்திக்குவோம்னு காலேஜ்ல வந்து சொன்னீங்களே சார்."

"அதுக்கும் மெஷின் வருதும்மா. நூறு நாள் வேலை இருக்கு, நடவு இருக்கு. எப்படியும் பொழச்சுக்குவாங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன் சார்."

"நான் சொன்னா சண்டையாயிடும். வேம்புன்னு ஒருத்தி இருக்கா. கொட்டகைக்கு ஃபேன் போடலேன்னு போன கோடையில அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து வாசல்ல உக்காந்தவ. வாயத் தொறந்தா நாலு ஊருக்குக் கேக்கும். நீ இந்தப் பக்கத்துப் பொண்ணு. பக்குவமா சொன்னா அடங்கிடுவா."

தமிழ்நிலா தியாகேசனைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அடுத்த பேட்ச் பிள்ளைங்க எல்லாரையும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரும்மா. அதுக உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. மொத ஆளே முடியாதுன்னு சொல்லிட்டா..."

காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, அக்கா அக்கா என்று கையாட்டி அனுப்பிய பிள்ளைகள் அவள் கண்ணுக்குள் வந்துபோனார்கள். பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே அனல் அடித்தது. சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் மடியில் முறங்கள். கம்பெனிச் சட்டையில் வந்து நின்றவளைக் கண்டதும் கைகள் நின்றன.

"வாம்மா. மெஷினு நல்லா ஓடுச்சா?" என்று கேட்டாள் தங்கம்மாள், வாயெல்லாம் சிரிப்பாக.

வரும் வழியில் யோசித்து வைத்திருந்த பக்குவமான வார்த்தைகள் எதுவும் தமிழ்நிலாவுக்கு வாயில் வரவில்லை. தங்கம்மாளின் முறத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாளையிலேர்ந்து பொறுக்குற வேலை கிடையாதாம். மெஷினே பாத்துக்குமாம். யாரும் வர வேணாம்னு முதலாளி சொல்லச் சொன்னாரு."

தங்கம்மாளின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகுதான் போனது.

"இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு நடவுக்கும் குனிய முடியாதே" என்றாள், யாரிடமும் இல்லாமல். "நாங்க எங்கம்மா போறது?"

எல்லோரும் கோடியில் உட்கார்ந்திருந்த வேம்புவைத் திரும்பிப் பார்த்தார்கள். எது என்றாலும் அவர்களுக்காக வாய் திறப்பவள் அவள்தான். என்ன நடக்கிறது என்று பார்க்கத் தள்ளி வந்து நின்ற பரணிதரன், வாட்ச்மேனைக் கிட்டே வரும்படி சைகை காட்டினார்.

வேம்பு மடியில் இருந்த முறத்து அரிசியை நிதானமாகப் பொறுக்கி முடித்தாள். அதைச் சாக்கில் கொட்டி, முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வந்தாள். தங்கம்மாள் அவசரமாக நகர்ந்து வழி விட்டாள்.

தமிழ்நிலா தலை நிமிரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, திட்டட்டும் என்று நின்றாள்.

"அழுவாத பாப்பா. நீ வேலைய முடிச்சுட்டு வா, அம்மா முன்னாடி வீட்டுக்குப் போறேன்."