கற்றாழைப் பூப் பொரியல்

மார்த்தா மேடம் இன்னொரு சப்பாத்தி கேட்டதும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

முதலாளி ஓடக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. இரண்டு நாளாக எங்கள் வீட்டில் ஒரு பருக்கை தொடாதவர், இப்போது தட்டை வழித்து வைத்திருக்கிறார்.

எங்களுடையது அவிநாசியில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஒரு ஷெட், அதை ஒட்டியே வீடு. மேடம் மெக்சிகோவிலிருந்து வந்தது, முடிந்த சரக்கைப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டரைப் பேச. குழந்தைகளுக்கான டீ-ஷர்ட். அது கிடைத்தால் தீபாவளி வரைக்கும் மெஷின் நிற்காது. கிடைக்காவிட்டால் டெய்லர்களில் பாதிப் பேரை வேறு இடம் பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.

சரக்கில் அவர் ஒரு குறை சொல்லவில்லை. சாப்பாட்டைத்தான் தொடவில்லை.

இட்லி வைத்தோம். பிரியாணி வைத்தோம். காரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று தயிர்ச்சாதம் வைத்தோம். எல்லாவற்றுக்கும் ஒரு "தேங்க்யூ" சொல்லித் தட்டை நகர்த்திவிட்டு, பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்தார்.

வீட்டுக்கு வந்தவர் வெறும் வயிற்றோடு போவது எங்கள் பக்கத்தில் லேசான விஷயமில்லை. சொந்தக்காரர் அப்படிச் செய்தால் சண்டைக்குப் போவோம். ஆர்டர் கொடுக்க வந்தவர் செய்தால் யாரோடு சண்டைக்குப் போவது?

முந்தின நாள் சாயங்காலம் காரில் ஏறப் போனவர், எங்கள் வேலியைப் பார்த்து நின்றுவிட்டார்.

வேலி முழுக்க ஆனைக் கற்றாழை. ஆடுகூட வாய் வைக்காது. வருகிறவர்கள் பார்த்தால் கௌரவக் குறைச்சல் என்று, அதைப் பிடுங்கிச் சுவர் எழுப்ப ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதில் ஒன்று மட்டும் லைட் கம்பம் உயரத்துக்குப் பூத்தண்டு விட்டிருந்தது. மேடம் அண்ணாந்து பார்த்தபடி இங்கிலீஷில் கடகடவென்று பேசினார்.

என் இங்கிலீஷ் காலர், காஜா, ஷிப்மென்ட்டோடு முடிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்களோடு பேச்சுவார்த்தை எல்லாம் என் மனைவி மதுமதிதான்.

"இது அவங்க ஊருச் செடியாமுங்க," என்றாள் மதுமதி. "நடுக்குருத்தைக் குடைஞ்சு விட்டா நம்ம பனைமரத்துத் தெளுவாட்ட இனிப்பாத் தண்ணி ஊறுமாம். அடியில இருக்கற கட்டையைக் குழியில போட்டுச் சுட்டுத் திம்பாங்களாம். பூ மொட்டை முட்டை ஊத்தி வதக்குவாங்களாம். அவங்கம்மா செய்வாங்களாமா."

அவர்கள் ஊர்ச் சாராயமான டெக்கீலாவும் இந்த இனத்துச் செடியில்தான் ஆகிறதாம். அது மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.

மறுநாள் காலை நான் கட்டிங் டேபிளில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மதுமதி தொரட்டியால் பூங்கொத்தை வளைத்து இழுக்க, மேடம் கீழே துண்டை விரித்துப் பிடித்திருந்தார். பறித்து முடித்த பிறகும் இருவரும் அங்கேயே நின்று வெகுநேரம் பேசினார்கள். பேச்சு நீண்டால் ஆர்டர் பெரிசு என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மதுமதி வாழைப்பூ ஆய்வதுபோல ஒவ்வொரு மொட்டிலும் நரம்பை உருவினாள். வேகவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்தாள். சின்ன வெங்காயம் போட்டு, முட்டை ஊற்றிக் கிளறினாள். துணைக்கு மெல்லிசாகச் சப்பாத்தி. கட்டின மனைவியை நானே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். ஆயுளில் தொட்டிராத பூவை ஒரே தடவையில் பக்குவமாக இறக்கினாள்.

மேடம் பொரியலைச் சப்பாத்தியில் சுருட்டி ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு மதுமதியின் கையைப் பிடித்து மெதுவாக ஏதோ சொன்னார். மதுமதி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

நான் விடுவேனா? "ஈட் மேடம், நெக்ஸ்ட் ஆர்டர், மோர் ஃப்ளவர்" என்று சொல்லிச் சொல்லி நானே பரிமாறினேன். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். கூச்ச சுபாவம் போல என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.

கிளம்பும்போது மதுமதியைக் கட்டிக்கொண்டு அழுதார். கார் தெருமுனை திரும்பும் வரை கையாட்டினேன்.

"ஆர்டர் நம்முதுதான் மது," என்றேன்.

"இல்லீங்க. வேற நாட்டுக்குப் போயிருச்சு," என்றாள். "அவங்க இங்க வந்து எறங்குன அன்னைக்கே கம்பெனியில முடிவு பண்ணிட்டாங்களாம். அதை மனசுல வெச்சுக்கிட்டு நம்மூட்டுச் சோத்துல கை வெக்க முடியலைன்னாங்க. காலையில பூப் பறிக்கறப்பத்தான் எங்கிட்டச் சொன்னாங்க. சொன்னதுக்கப்புறந்தான் அவங்களுக்குப் பசியே வந்துச்சு."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுதான் இத்தனையும் சமைச்சியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீங்க பரிமாறியிருப்பீங்களா?"

மாட்டேன். சத்தியமாக மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போயிருப்பேன். அந்தப் பெண்ணும் பசியோடு விமானம் ஏறியிருக்கும்.

ஷெட்டில் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. டெய்லர்களுக்கு என்ன வழி என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். மதுமதி மேல் கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. இவள் என் மனைவி என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பொரியல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

இல்லையாம். வழிக்கு ஆகும் என்று, இருந்ததை எல்லாம் டப்பாவில் போட்டு மேடம் கையில் கொடுத்துவிட்டாளாம்.