இடது சக்கரம்

வைத்தீஸ்வரன் சார் மட்டும் இல்லையென்றால், டெனிஸ் தன் தண்ணீர் லாரியை என்றைக்கோ தலைமுழுகியிருப்பான். இன்றைக்குப் பம்மல் ஒர்க்‌ஷாப்புக்கும் அவரே துணைக்கு வந்திருந்தார்.

"இன்னா டெனிஸு, மறுபடியும் பொதைஞ்சுகினியா?" என்றான் மெக்கானிக் குமரவேல், கிரீஸ் கையைத் துடைத்தபடி.

"மூணாவது தடவை மச்சான். சிட்லபாக்கத்துல சார் வீட்டுத் தெரு. அதே எடம், அதே இடது சக்கரம். அது சேத்துல பம்பரமா சுத்துது. வலது சக்கரம் கெட்டி மண்ணுல நின்னு வேடிக்கை பாக்குது."

பைப் போடத் தோண்டியவர்கள் அந்தத் தெருவை அரைகுறையாக மூடிவிட்டுப் போயிருந்தார்கள். மெயின் ரோட்டில் கால்வாய் வேலை. பெண்கள் ஹாஸ்டலுக்கு லாரி போக இந்தத் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது.

புதைந்த லாரி மேலே ஏற வேண்டுமானால் பாரம் குறைய வேண்டும். வால்வைத் திறந்து பாதித் தண்ணீரை விட்டாக வேண்டும். "மண்ணுல ஏன் வீணா ஊத்தணும்?" என்று தெருவே குடமும் டிரம்முமாக ஓடிவரும். போர்வெல்லில் உப்புத் தண்ணீரையே பார்த்த ஜனம், பாவம். பிடித்து முடித்ததும் வைத்தீஸ்வரன் தலைமையில் 'ஏலேலோ' போட்டு லாரியைத் தள்ளியும் விடுவார்கள். அவர் மனைவி லோகநாயகி கையால் டிகிரி காபி வேறு.

ஹாஸ்டல் வார்டன் ஜான்சி காபி கொடுக்கிற ரகமில்லை. "வர்றது பாதி லோடு, அதுவும் லேட்டு. நூறு பொண்ணுங்க பிரஷ்ஷும் கையுமா நிக்கறாங்க. இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா அதான் கடைசி, டெனிஸ்!" என்று முந்தாநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த ஹாஸ்டலும் கைவிட்டுப் போனால் லாரியை வீட்டு வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வேண்டியதுதான்.

"ரெண்டு சக்கரத்துக்கும் பவரைப் பிரிச்சுக் குடுக்குற சாதா டிஃபரன்ஷியல் ஏமாளிப்பா," என்றான் குமரவேல். "எந்த சக்கரம் சும்மா வழுக்குதோ, அதுக்கே பவரைத் தூக்கிக் குடுத்துரும். லாக் வச்சது போட்டா ரெண்டும் ஒண்ணா சுத்தும். ஆனா நல்ல ரோட்டுல அதை எடுத்துவுட மறந்தியோ, திருப்பத்துல டயர் நாறிரும். பேஜாரு. உனக்கு லிமிடெட் ஸ்லிப்தான் சரி. ஒண்ணு வழுக்குனா அதுவே பவரை அந்தாண்ட சக்கரத்துக்குத் தள்ளிவுடும். நீ பாட்டுக்கு ஸ்டியரிங்கைப் புடிச்சிகினு குந்து."

"எதுக்குப்பா வீண் வேலை?" என்றார் வைத்தீஸ்வரன். "மழை விட்டா ரோடு காய்ஞ்சிடப் போறது. தள்ளிவிடத்தான் நாங்க இருக்கோமே!"

டெனிஸ் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். "எத்தனை நாளைக்கு சார் இந்த வயசுல உங்களைத் தள்ள வைக்கிறது? மச்சான், லிமிடெட் ஸ்லிப்பே போட்டுடு."

வைத்தீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "குமரவேல், ஒரு சந்தேகம். ரெண்டு சக்கரமும் சேத்துல மாட்டினா?"

"அப்ப அது இன்னா சார் பண்ணும்? ரெண்டும் சேந்து வழுக்கும், வண்டி நவுராது. ஆனா நீ பயப்படாத சார். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பள்ளம் தானா எங்க வுழப்போவுது?"

கூடப் பிறந்த அண்ணன்கூட இவ்வளவு அக்கறையாகக் கேட்டிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டான் டெனிஸ்.

குமரவேலிடம் ஒன்று கைவசம் இருந்தது. மூன்று மணிக்குள் மாட்டி முடித்தான். அதுவரை வைத்தீஸ்வரனும் சாப்பிடக்கூடப் போகாமல் கூடவே நின்றார்.

டெனிஸ் லாரிக்கு அடியில் நுழைந்து, மல்லாந்து படுத்து, புதிதாகப் பூட்டிய இடத்தைத் தட்டிப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். நாளைக் காலை, முழு லோடோடு, சொன்ன நேரத்துக்கு ஜான்சி மேடம் முன்னால் போய் நிற்கலாம்.

டயருக்கு அந்தப் பக்கம் வைத்தீஸ்வரனின் செருப்புகள் வந்து நின்றன. போனில் பேசிக்கொண்டிருந்தார், குரலைத் தாழ்த்தி.

"லோகு, நம்ம பக்கத்து வீட்டு சிவகுமாரை மண்வெட்டியோட தயாரா இருக்கச் சொல்லு. இனிமே இடது பக்கம் மட்டும் வெட்டினா பத்தாது."