வழுக்காத வண்டி

"ரோட்டுலயும் ஓடணும், ஏலக்காட்டு மண்ணுலயும் ஏறணும்னா ஃபோர் வீலுதாண்ணே. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கையிலிருந்த கிரீஸைப் பழைய பனியனில் துடைத்தபடி சொன்னான் மெக்கானிக் முத்துக்கண்ணன். போடியில் அவன் பட்டறை போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஷெட்டுக்குள் இரண்டு பழைய ஜீப்புகள் விற்பனைக்கு நின்றன. ஒன்றில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். இன்னொன்றில் நாலு சக்கரமும் இழுக்கும்.

சிலமலை மொக்கச்சாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வந்து அரைமணி நேரமாகிறது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீசல் குடிக்குமே தம்பி."

"கொஞ்சம் கூடத்தான் குடிக்கும். தார் ரோட்டுல பின்சக்கரத்துலயே ஓட்டிக்கலாம். மண்ணுல இறங்குனதும் இந்த லீவரைத் தள்ளுனாப் போதும், முன்னாடி ரெண்டும் சேந்து இழுக்கும். உங்களுக்கு எந்தப் பக்கம் ஓட்டம்?"

"போடிமெட்டு தாண்டி. எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போற சோலி. மெட்டு வரைக்கும் நல்ல ரோடு. அதுக்கப்புறம் ரெண்டு மைல் செம்மண்ணு. கடைசியில ஒரு ஏத்தம். வலது கைப் பக்கம் பூராப் பள்ளம்."

"மழைக்கு?"

"மழையிலயும் போய்த்தான ஆகணும்."

"அப்ப டூ வீலை மறந்துருங்க."

மொக்கச்சாமி விடவில்லை. "பின் டயர்ல சங்கிலி சுத்திக்கிட்டா?"

"சேத்துல மாட்டுனா உதவும். செங்குத்தா ஏறையில அதை நம்ப முடியாதுண்ணே."

"ஓட்டுறவன் கெட்டிக்காரனா இருந்தா? எம் மகன் பிரபுதான் ஓட்டுறது. அஞ்சு வருசமா மெட்டு ஏறி இறங்குறவன்."

"கெட்டிக்காரத்தனம் என்ன செய்யும்? சக்கரம் மண்ணைப் பிடிச்சாத்தான ஸ்டியரிங்கு நம்ம பேச்சைக் கேக்கும். சரி, அவரு எந்த வண்டி கேக்குறாரு?"

"ஃபோர் வீலுதான். வைகாசியில இருந்து நச்சரிச்சான்."

"பாத்தீங்களா! தொழில் தெரிஞ்ச புள்ள."

மொக்கச்சாமி ஏதோ பிடி கிடைத்தவர் போலச் சட்டென்று கேட்டார்.

"ஆளுகளை எல்லாம் இறக்கி நடந்து வரச் சொல்லிட்டு, வெறும் வண்டியா ஏத்துனா? அப்பப் பாரம் இல்லைல்ல?"

"அது இன்னும் மோசம்ணே. பின்னாடி பாரம் இருந்தாலாவது டயரு அழுத்திப் பிடிக்கும். வெறும் வண்டின்னா சும்மா நின்ன இடத்துல சுத்தும். அப்படியே பக்கவாட்டுல வழுக்கும்." உள்ளங்கையைச் சரித்துக் காட்டினான்.

மொக்கச்சாமி ஜீப்பின் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். முத்துக்கண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"என்னண்ணே, சாப்பிடாம வந்துட்டீங்களா? டீ சொல்லவா?"

"வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. யாவாரத்துக்காகச் சொல்லாத, நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அந்த மாதிரி ஏத்தத்துல, அடைமழையில, ஃபோர் வீலும் வழுக்கத்தான செய்யும்? எப்பவாச்சும் ஒருக்கா வழுக்கும்ல?"

அவர் குரலில் இருந்த கெஞ்சலைப் பயம் என்று எடுத்துக்கொண்டான் போலும். மலைக்குப் பிள்ளையை அனுப்புகிற தகப்பனுக்கு உள்ள பயம். முத்துக்கண்ணன் பனியனைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியமாச் சொல்றேண்ணே. அந்த மாதிரி ஏத்தம் நானே நூறு தடவை ஏத்தியிருக்கேன். நாலு சக்கரமும் இழுத்தா, வண்டி முக்காம மொனகாம ஏறிரும். உங்க மகனுக்கு ஒண்ணும் ஆகாது. தைரியமா எடுங்க."

மொக்கச்சாமி தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கே மகனைக் கூட்டியாங்க. அவரு ஓட்டிப் பாக்கட்டும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கினார். சிலமலை பஸ் பக்கத்தில் வந்து நின்றது. அதைப் பார்க்காமலே நடந்தார்.

டீசல் மிச்சமாகும் என்று சித்திரையில் மகன் ஓட்டிய ஜீப்பின் முன்சக்கர இழுவையைப் பக்கத்தில் நின்று கழற்ற வைத்தவர் அவர்தான்; அந்த ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து பிரபு செத்து இன்றோடு பத்தொன்பது நாள். 'ஃபோர் வீலா இருந்திருந்தாலும் வழுக்கித்தான் இருக்கும்' என்று ஒரே ஒரு மெக்கானிக்காவது சொல்லிவிட மாட்டானா என்று அவர் ஏறி இறங்கிய நான்காவது பட்டறை அது.