பதினொரு கைநாட்டு

திருடனைத் திருடன் என்று சொல்லக்கூட இந்தக் காலத்தில் காகிதம் கேட்கிறார்கள். காகிதம் கொடுத்தால் விரல் கேட்கிறார்கள். நேருக்கு நேர் நின்று பேச எவனுக்கு இருக்கிறது நேரம்?

முணுமுணுத்தபடியே அம்புரோஸ் வரிசையில் ஓரடி நகர்ந்தார். இடது காலை இழுத்து இழுத்து. அந்தக் காலின் பெருவிரலில் தடிமனாகக் கந்தல் சுற்றியிருந்தது.

ராயபுரம் கிடங்கின் நடுவே மேசை போட்டு, டெல்லியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கப்பலில் பால் பவுடர் அனுப்புகிற உதவிச் சங்கத்தின் விசாரணை அதிகாரி. எதிரே ஒரு கடிதம். அதன் அடியில் ஊதா மையில் ஒரு கைநாட்டு.

கடிதத்தில் இருந்தது கொஞ்சம்தான். ஸ்டோர்கீப்பர் ஸ்டானிஸ்லாஸ் மூட்டையைப் பிரித்துப் பாதிப் பவுடரை வெளியே விற்கிறார். குறைந்த பாதிக்கு மைதாவும் சாக்பீஸ் தூளும் கொட்டித் தைத்துவிடுகிறார். நான் இந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். என் முதுகுக்குத் தெரியும்.

அதை எழுதச் சொன்னவர் அம்புரோஸ். மூன்று வாரத்துக்கு முன்னால், தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம்.

எண்ணூர்ப் பள்ளிக்கூடத்தில் பால் கரைத்து ஊற்றுகிற வேலை அவர் மகள் ஐரீனுக்கு. ஒரே நாளில் முப்பது பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டதை அவள்தான் வந்து சொல்லி அழுதாள். அதே பள்ளிக்கூடத்துக்கு அடுத்த லோடு இன்றைக்குப் போகிறது. வாசலில் லாரி தயாராக நின்றது.

வெள்ளைக்காரர் எழுந்து ஏதோ சொன்னார். நல்ல முகம். அவசரமில்லாத குரல். ஆனால் அவருக்குத் தமிழ் வராது. கிடங்கில் இங்கிலீஷ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

"தொரை இன்னா சொல்றார்னா," என்று ஆரம்பித்தார் ஸ்டானிஸ்லாஸ், "எவன் எய்தினானோ அவன் தகிரியமா முன்னால வர்லாமாம். பேரு வெளிய போவாதாம். தொரை காதோட நின்னுடுமாம்."

அந்தக் காதுக்குப் போகிற வழியே ஸ்டானிஸ்லாஸின் வாய்தான். ஒருவரும் அசையவில்லை.

அப்புறம் ஸ்டானிஸ்லாஸே ஒரு யோசனை சொன்னார். மூட்டை தூக்குகிறவர்கள் பதினொரு பேர். ஆளுக்கொரு கைநாட்டு வைக்கட்டும். கடிதத்தோடு ஒத்துப் போகிறவனைத் தொரை தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். இரண்டு பாஷையிலும் அதைச் சொன்னார். வெள்ளைக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

தண்டபாணி வைத்தான். இல்லை.

யேசுதாஸ் வைத்தான். இல்லை.

"நல்லா பட்டையா கீது வெரலு," என்று கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார் ஸ்டானிஸ்லாஸ். "வகையா துன்னு வளந்தவன்தான். வா கண்ணு, வா."

அடுத்தது அம்புரோஸ்.

"இன்னா நைனா, கால்ல கட்டு?"

"மூட்ட வுயுந்துச்சி."

"பவுடர் மூட்டையா? அது பஞ்சு கணக்கா இல்ல இருக்கும்?"

"முன்ன அப்பிடித்தான் இருந்துச்சி. இப்ப கல்லு கணக்கா கீது."

வரிசையில் யாரோ கனைத்தார்கள். ஸ்டானிஸ்லாஸின் சிரிப்பு நின்றுபோனது. கிழவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கட்டைவிரலை மையில் அமுக்கித் தாளில் உருட்டினார். கண்ணாடியை வெள்ளைக்காரர் கையிலிருந்து தானே வாங்கிப் பார்த்தார்.

ஒரு தரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். இடது கையையும் கேட்டு வாங்கி உருட்டினார்.

அம்புரோஸ் கட்டுப்போட்ட காலை மற்றக் காலுக்குப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

இல்லை.

பதினொரு பேருடையதும் இல்லை.

வெள்ளைக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டார். கடைசியாக ஒருமுறை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்புரோஸிடம் வந்ததும் பார்வை நின்றது. ஏதோ கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். லாரி நின்றுவிடும். அம்புரோஸின் வாய் திறந்தது.

கிழவர் சொல்லப்போவதை மொழிபெயர்க்க ஸ்டானிஸ்லாஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

வாய் மூடிக்கொண்டது.

"அப்பிடி ஒரு ஆளே இந்தக் கெடங்குல இல்லியாம். வெளியாளு எவனோ வயித்தெரிச்சல்ல எய்தினதாம். பைலை மூடிட்டாரு," என்று அறிவித்தார் ஸ்டானிஸ்லாஸ்.

வெள்ளைக்காரர் பதினொரு பேருக்கும் கைகொடுத்தார். அம்புரோஸிடம் குனிந்து, காலைக் காட்டி, மெதுவாக என்னவோ சொன்னார்.

"காலுக்கு மருந்து போடச் சொல்றாரு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

லாரி வடக்கே திரும்பி எண்ணூர் சாலையில் மறையும்வரை அம்புரோஸ் துறைமுகச் சுவரோரம் நின்றார். பிறகு குனிந்து கந்தலை அவிழ்த்தார்.

காயம் எதுவும் இல்லை. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் ஊதா மை இருந்தது. மூன்று வாரமாக மணலும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்தும் போகாத மை.

மனு எழுதுகிறவர் மைப்பெட்டியை நீட்டிவிட்டு ஸ்டாம்பு தேடத் திரும்பிய அந்த நொடியில், சோறு போடுகிற கையைக் கொடுக்க அம்புரோஸுக்கு மனம் வரவில்லை. யாரை நம்பிக் கொடுப்பது? காலைத் தூக்கிப் பெருவிரலை மையில் தொட்டுக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டார்.

கையை வைத்திருந்தால் லாரி நின்றிருக்குமா?

"நிக்காது," என்று சொல்லிக் காறித் துப்பிவிட்டு நடந்தார். சாலை திரும்புவதற்குள் இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கட்டு அவிழ்ந்த பிறகும் இடது கால் இழுத்துக்கொண்டுதான் வந்தது.